நாலாகப் பிரித்த ஆறு

வரிசையாக ஒரே ஆள் செய்கிற கணக்கை நாலு பேர் ஒரே சமயத்தில் செய்யும்படி பிரித்துக் கொடுப்பதுதான் என் வேலை. அந்த நாலு பேரும் மனிதர்கள் இல்லை, பிராசஸர்கள். வேலையைப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டு, பேசாமல் நாமே செய்திருக்கலாம் என்று தலையில் கைவைத்தவரா நீங்கள்? வாங்க, நம்ம கட்சி.

பிந்தி வந்த விடை

எண்பதுகளின் கடைசி. சித்தூரிலிருந்து பஸ் பிடித்துத் திருப்பதியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒருநாள் பாசன எஞ்சினியர் முனிரத்தினம் வந்தார். பிச்சாட்டூர் அணையைத் திறந்தால் ஆரணி ஆற்றோரம் எந்த ஊரில் தண்ணீர் எவ்வளவு ஏறும் என்று சொல்கிற புரோகிராம் அவருடையது. தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை ஆற்றை அங்குலம் அங்குலமாக ஒரே பிராசஸர் கணக்குப் பார்த்து முடிக்க ஒரு பகலும் ஓர் இரவும் ஆனது. ஆற்றங்கரை ஊர் ஒன்றில் அவர் தங்கை குடித்தனம் இருந்தாள்.

"தண்ணி வந்து வூட்டைத் தொடைச்சிக்கினு போன அப்புறம்தான், தண்ணி வரப்போவுதுன்னு உங்க மிஷின் சொல்லுது மேடம்!"

மரியாதை

புதிதாக வந்த கம்ப்யூட்டர் போர்டில் நாலு பிராசஸர். ஆற்றை நாலாக வெட்டி ஆளுக்கொரு துண்டு கொடுத்தேன். தன் எல்லையில் எவ்வளவு தண்ணீர் என்று பக்கத்துத் துண்டுக்குச் சொல்ல வேண்டும், அது சொல்வதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஓடவிட்டேன். திரை அசையவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே மலைமேல் மேகம் மட்டும் நகர்ந்தது. நாலு அறைகளில் நாலு பேர், நடுச்சுவரில் காதை வைத்தபடி உட்கார்ந்திருப்பது என் மனக்கண்ணில் தெரிந்தது. நடந்ததும் அதுதான்: பக்கத்தவர் முதலில் பேசட்டும் என்று நாலு பிராசஸருமே காத்திருந்தன. கூட வேலைபார்த்த சுகுணா எட்டிப் பார்த்தாள்.

"நீங்க உக்காருங்க, நீங்க உக்காருங்கன்னு பந்தியில நின்னுகினே கீறாங்கக்கா, ஒருத்தரும் துன்னலை."

இரண்டு சொந்தக்காரர்கள்

யார் முதலில் பேசுவது என்று ஒழுங்குசெய்ததும் விடை வந்தது. மறுபடி ஓட்டினால் வேறு விடை! இரண்டு துண்டுகள் சேருகிற இடத்தில் ஓர் ஊர். அதன் நீர்மட்டத்தை இரண்டு பிராசஸருமே எழுதின. கடைசியாக எழுதியது எதுவோ, அதுவே விடையாக நின்றது. அது முனிரத்தினத்தின் தங்கை ஊர். அந்த ஊரை ஒரே பிராசஸருக்கு எழுதிவைக்கும்வரை, நாற்காலி போட்டும் உட்காராமல் அவர் என் பின்னாலேயே நின்றார்.

"காலையில தப்பிச்சுது, மத்தியானம் முழுகிடுச்சின்னா, எந்தங்கச்சிக்கு நான் இன்னான்னு சொல்றது?"

மழை

ஐப்பசியில் புயல் மழை. மறுநாள் விடிந்ததும் அணையைத் திறந்தாக வேண்டும் என்று முனிரத்தினம் காலையிலேயே போனில் அளவுகளைச் சொன்னார். ஓடவிட்டுவிட்டு மழையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் வழிந்த நீர் தனித்தனிக் கோடுகளாக இறங்கி, அடியில் சத்தமில்லாமல் ஒன்றாகச் சேர்ந்தது. அந்தப் பெட்டிக்குள்ளும் இப்படித்தான் ஓர் ஆறு ஓடிக்கொண்டிருக்கும் என்று நினைத்தபோது, பயம் கொஞ்சம் விலகியது. பொழுது சாயுமுன் விடை: தங்கை இருந்த கீழ்த்தெரு முழுகும். போனில் சொன்னேன். அவர் ஜீப்பில் போய்த் தெரு முழுக்க ஆட்களை மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றினார். மழை விட்டபின், பேண்ட் எல்லாம் சேறாக வந்து நின்றார். முதல்முறையாக உட்கார்ந்தார்.

"செவுரு ரெண்டு வுழுந்துடுச்சி மேடம். உள்ள யாரும் இல்ல."

வேலையை நாலாகப் பிரித்தால் கால்வாசி நேரத்தில் முடியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், மூன்றில் ஒரு பங்கில் முடிந்தாலே ஸ்தோத்திரம் சொல்லிவிடுங்கள்.