வெள்ளைச் சுவரில் பூசணிக்காய்

எட்டாம் வகுப்போடு நின்றவன், ஆள் முகம் பார்த்துப் பேசவே கூசுகிறவன், எழுத வந்திருக்கிறேன். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். திருவனந்தபுரத்தில் என் சொந்த வீட்டு வாசலை நானே உளியால் கொத்தினேன். அதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருக்கிறது.

வாசல் சிமெண்டில் என் மனைவி செல்லம் பெயிண்டில் போட்டு வைத்திருந்த கோலத்தைத்தான் கொத்தினேன். நிலைப்படி மஞ்சளையும் சுரண்டினேன். வீடு விற்கப் பிடித்த தரகர் சசியின் உத்தரவு. "அண்ணாச்சி, ரோட்டில் நின்னு நோக்கினாலே பாண்டி வீடுன்னு தெரியுது கேட்டோ. பின்னே யாரு உள்ளே கேறும்?" என்றார். தமிழனுக்கு இங்கே வைத்திருக்கும் இளக்காரப் பெயர் அது. கரமனையில் இருபது வருடம் இருந்தும் எங்களை விட்டுப் போகவில்லை. சாலைக் கம்போளச் சந்தையில் நான் வேலை பார்த்த பாத்திரக்கடை மூடிவிட்டது. ஆவணிக்குள் வீட்டை விற்று, சொந்த ஊரான வள்ளியூரில் மச்சான் கடையில் பங்கு போட்டால்தான் பிழைப்பு. எதிர்வீட்டு பாஸ்கரன் சார் மட்டும் அடிமாட்டு விலைக்குக் கேட்டார். கார் நிறுத்த இடம் வேண்டுமாம். அவருக்குக் கொடுக்கவே கூடாது என்று இருந்தேன்.

எங்கள் ஊரில் வீடென்றால் தெருமுனையிலேயே தெரிய வேண்டும். அப்பா சுவருக்கு ரோஸும் ஜன்னலுக்குப் பச்சையும் அடித்திருந்தார். வழி கேட்பவர்களுக்கு அதுதான் விலாசம். இங்கே வீடுகள் மரத்துக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கும். நான் ஆசையாக அடித்திருந்த நீலத்தை மறைத்து வெள்ளை அடித்தோம். கேட்டுக்குக் கறுப்பு, ஓரத்தில் குரோட்டன்ஸ் தொட்டிகள். பாஸ்கரன் சார் தன் வாசலில் நின்று பார்த்தார்.

"வெள்ள அடிச்சால் பாண்டி மலையாளி ஆவுமோ, அண்ணாச்சி?"

நான் பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, வளைகுடாவிலிருந்து வந்திருந்த கணவன் மனைவியைச் சசி கூட்டிவந்தார். காரிலிருந்து இறங்கும்போதே அந்த அம்மாளின் முகம் மலர்ந்தது. கேட்டைத் திறந்து நிமிர்ந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வாசலுக்கு மேலே, கோரைப்பல்லும் முழித்த கண்ணும் வரைந்த பூசணிக்காய் தொங்கியது. நானும் செல்லமும்தான் விடிந்ததும் கட்டினோம். புதுப் பெயிண்ட் அடித்த வீட்டைத் திருஷ்டிக்கு ஒன்றும் கட்டாமல் விடுவது, எங்களுக்குச் சட்டையில்லாமல் கடைத்தெருவுக்குப் போவது மாதிரி. கட்டும்போது அதில் தப்பு இருப்பதாக இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

"பாண்டிக்காருடெ வீடாணோ இது?" என்று அவள் கணவனிடம் கேட்டாள். உள்ளே வரவில்லை. கார் போய்விட்டது.

"எந்தா அண்ணாச்சி இது? ஒண்ணை அழிக்கச் சொன்னா வேற ஒண்ணைக் கட்டி வைக்கிறதா? எடுத்து மாத்தும்," என்று சசி கத்தினார்.

செல்லம் கதவோரம் நின்று, "இத்தன பேரு வெறிச்சுப் பாத்துட்டுப் போறாவ. கண்ணு படாதா? அது அங்கனயே கெடக்கட்டும்," என்றாள்.

சசி என் முகத்தைப் பார்த்தார். "கெடக்கட்டும்," என்றேன் நானும்.

சாயங்காலம் ரோட்டில் நின்று வீட்டைப் பார்த்தேன். சுவர் அவர்களுடையது மாதிரி இருந்தது, முகம் எங்களுடையது மாதிரி. எந்தப் பக்கத்து ஆளும் அதைத் தன் வீடென்று சொல்லமாட்டான். வள்ளியூரில் எங்களை இப்போதே 'மலையாளத்துக்காரங்க' என்றுதான் சொல்கிறார்கள்.

மறுநாள் அவர் கேட்ட விலைக்கே பாஸ்கரன் சாரிடம் முன்பணம் வாங்கினேன். பூசணிக்காயைக் கழற்ற வேண்டாம், வீட்டையே இடிக்கப் போகிறேன் என்றார்.