பக்கத்துக் கடைக்காரருக்கு இரண்டு பாலிசி

இன்று காலை பிரிக்பீல்ட்ஸில் என் சேலைக் கடைக்குப் பக்கத்துத் தையல்காரர் மணியம் அண்ணன் வந்தார். கிள்ளான் ஆஸ்பத்திரியில் பித்தப்பைக் கல் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியிருப்பவர்.

"தள்ளிப் போடலாம்னு இருக்கேன் பாஸ். வீட்டுக்காரி ஆபீஸ் இன்சூரன்ஸ் பாதிதான் கட்டுமாம்."

"நீங்க சொந்தமா ஒன்னு எடுத்தீங்களே, அது என்னாச்சு?"

"ஒரே பில்லுக்கு ரெண்டு இடத்துல கேட்டா கேஸாயிடும் லா."

பேசும்போதே வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

கடை டெலிபோனிலேயே அவருடைய ஏஜென்ட்டைக் கூப்பிட்டேன். இரண்டு கம்பெனியிடமும் மறைக்காமல் சொல்ல வேண்டும், அவ்வளவுதானாம். முதல் கம்பெனி கட்டியதற்கான கடிதத்தையும் பில் நகலையும் கொடுத்தால், மீதியை இவருடைய பாலிசி பார்த்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து பில்லுக்கு மேல் தராது.

"அப்ப கையில ஒன்னும் மிஞ்சாதா?" என்றார் மணியம் அண்ணன்.

"வயித்துல இருக்கற கல்லு போயிடும்ண்ணே. அது போதாதா?"

சிரித்தார். சிரித்ததில் மறுபடியும் வலித்தது. தேதியை மாற்றப் போவதில்லை என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

வாசலில் நின்று திரும்பினார். "இவ்வளவு வெவரமா கேக்குறீங்களே, உங்களுக்கு எத்தனை பாலிசி பாஸ்?"

என் கடைச் சேலைகளுக்குத் தீ, திருட்டு, வெள்ளம் எல்லாவற்றுக்கும் பாலிசி இருக்கிறது. எனக்கு ஒன்றுகூட இல்லை.

நல்ல ஏஜென்ட் யாராவது தெரிந்தால் சொல்லுங்கள். சேலை வாங்குகிறவராக இருந்தால் இன்னும் நல்லது.