நான் அழித்த பதினோரு மணி

இரண்டாயிரத்து எட்டில் சிதம்பரத்தில் எம்.ஈ. படித்துக்கொண்டிருந்தேன். ப்ராஜெக்ட் தலைப்பு நானே அடம்பிடித்து வாங்கியது. கடலூர்ப் பக்கம் ஒரு ரசாயனக் கம்பெனியின் புகை எந்தத் திசையில் போகும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவது.

ஊரை ஒரு பெட்டி மாதிரி வரைந்துகொள்ள வேண்டும். ஒரு பக்கம் காற்று நுழையும் வாசல், எதிர்ப்பக்கம் வெளியேறும் வாசல். எத்தனை மணிக்கு எவ்வளவு வேகத்தில் நுழைகிறது என்று அட்டவணை கொடுத்துவிட்டால் மிச்சத்தைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். சொல்ல எவ்வளவு சுலபம்! எங்கள் கரையில் கோடைக்காற்று காலையில் மேற்கேயிருந்து கடலுக்குப் போகும். பதினோரு மணி வாக்கில் அப்படியே திரும்பி, கடலிலிருந்து ஊருக்குள் வரும். அட்டவணையில் அந்த மணிக்கான வரியைத் தொட்டதும் என் கணக்கு நாசமாய்ப் போகும். வெளியேறும் வாசல் வழியாகவே காற்று உள்ளே வர, எண்கள் தறிகெட்டு ஓடி, எர்ரர் என்று நின்றுவிடும். ஒரு தடவை ஓட இரண்டு நாள். நான்கு தடவை ஓட்டினேன். நான்கு தடவையும் பதினோரு மணியில் செத்தது.

ஒப்படைக்க ஒரு வாரம்தான் பாக்கி. எனக்கோ பொறுமை என்பதே கிடையாது. "போய்த் தொலை" என்று பதினோரு மணியிலிருந்து இருந்த வரிகளை எல்லாம் அழித்தேன். காலைக் காற்றையே நாள் பூரா வீச விட்டேன். கணக்கு சமர்த்தாக ஓடி முடிந்தது. புகை மொத்தமும் கடலுக்குப் போகிற மாதிரி அழகான கலர்ப் படம் வந்தது. வைவாவில் ஒருத்தரும் கேட்கவில்லை. செய்தது தப்பு என்று எனக்குத் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் அக்கா வீட்டுக்காரர், எங்கள் மாமா, கம்பெனிக்கு மேற்கே ஒரு வீட்டை விலை பேசியிருந்தார். அக்காவுக்கு ஏழு மாதக் கைக்குழந்தை. வீட்டை அவர்கள் பார்க்கப் போனதும் ஒரு காலை வேளையில்தான்.

"நாத்தம் வருமோன்னு இவ பயப்படறா. நீதான் அதையே படிக்கிறியே, சொல்லும்மா," என்றார் மாமா.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். பாவி, பெருமை விடவில்லை. படத்தை நீட்டி, "எல்லாம் கடலுக்குத்தான் போவுது மாமா, தைரியமா வாங்குங்க" என்றேன்.

வேலை கிடைத்து சென்னை போய்விட்டேன். அடுத்த மே மாதம் அக்கா வீட்டுக்குப் போனபோது மணி பதினொன்று இருக்கும். பேசிக்கொண்டே எழுந்த அக்கா ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினாள். புழுங்குதே அக்கா என்றேன்.

"இந்நேரத்துக்குக் கடல் காத்து திரும்பிடும்டி. அழுவுன முட்டை மாதிரி நாறும். புள்ளைக்கு இழுப்பு வந்துடுது."

கதவிடுக்கில் ஈரத்துணியைத் திணித்தாள். பழகிப்போன கை. பாயில் கிடந்த குழந்தையின் நெஞ்சுக்குழி மூச்சுக்கு மூச்சு உள்ளே போய் வந்தது.

சுவரில் என் கலர்ப் படம். மாமா கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்.

"அக்கா, அது பொய். பாதி நாளை நான் அழிச்சிட்டேன்," என்று அதை ஆணியிலிருந்து கழற்றப் போனேன்.

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"நாங்க குடி வந்த புதுசுல பக்கத்து மனைக்காரங்க வாங்கலாமா வேணாமான்னு யோசிச்சப்ப மாமா அதத்தான்டி காட்டுனாரு," என்றாள். "வூடு கட்டி முடிச்சிட்டாங்க. வெள்ளிக்கிழமை குடி வர்றாங்க. மூணு புள்ளைங்க."