தேசிங்கு உட்கார்ந்திருந்த ஜாக்கெட்

யாருக்கும் பிடிக்காத ஒன்றை எல்லோருக்கும் மாட்டிவிடுவதுதான் என் தொழில். மாமல்லபுரத்துக்குப் பக்கத்துக் கழிமுகத்தில் உல்லாசப் படகு விடும் இடத்தில், ஏறுகிறவர்களுக்கு லைஃப் ஜாக்கெட் கட்டிவிடுகிறேன். ஆளுக்கு ஒன்று, கொக்கி அத்தனையும் பூட்டியிருக்க வேண்டும், நான் கை தூக்கினால்தான் படகு நகரும். ஹெல்மெட்டுக்காக வீட்டில் தினமும் தொண்டை கிழியக் கத்துகிறவர்களே, என் பாடு உங்களுக்குத்தான் புரியும்.

மடியில் இருப்பவர்

படகின் பக்கவாட்டில் ‘எட்டுப் பேர்’ என்று பெயின்டில் எழுதியிருக்கிறது. ஊரப்பாக்கத்திலிருந்து வந்த குடும்பத்தில் சரியாக எட்டுப் பேர், கூடவே இடுப்பில் ஒரு குழந்தை. யாராவது ஒருவர் இறங்குங்கள் என்றேன். குழந்தைக்கென்று சின்ன ஜாக்கெட்டை எடுத்ததும் அது வீறிட்டது. அதன் அம்மாவுக்கு வந்த கோபத்தைக் கேட்கவே வேண்டாம்.

“பஸ்ல மடியில வெச்சிகினா டிக்கெட்டே கேக்க மாட்டாங்க. நீ இன்னாம்மா, இத்தப் போயி ஒரு ஆளுன்னு எண்றே?”

பட்டுப்புடவைக்கு மேலே

கல்யாணத்துக்கு முன் போட்டோ எடுக்க ஒரு ஜோடி வந்தது. பட்டுப்புடவையின் மேல் ஆரஞ்சு ஜாக்கெட்டைக் கட்டினால் யாருக்குத்தான் பிடிக்கும்? நடுவில் போய்க் கழற்றிக்கொள்ளலாம் என்று போட்டோக்காரர் கிசுகிசுத்தார். முடியாது என்றேன். கல்யாணப் பெண், படகோட்டி தேசிங்கைக் கை காட்டினாள். அவன் தன் ஜாக்கெட்டை மடித்து, இன்ஜின் பக்கத்துப் பலகையில் மெத்தையாகப் போட்டு உட்கார்ந்திருந்தான்.

“ஓட்டுறவரே அது மேல உக்காந்துட்டிருக்காரு. எங்களை மட்டும் ஏன் படுத்தறீங்க?”

தேசிங்கின் பதில்

அவமானமாகப் போய்விட்டது. அன்று அவர்கள் போனதும் தேசிங்கைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்துக் குப்பத்துக்காரன், மீன்பிடிக்கிற குடும்பம், எந்த அலையையும் தாண்டி நீந்துவான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அடிபட்டு மயங்கினவனுக்கு நீச்சல் எங்கிருந்து ஞாபகம் வரும்? அதைத்தான் கேட்டேன். சிரித்தான். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை, பயமாக இருந்தது.

“யக்கா, நடக்கறதுக்கு முன்னியே நீந்துனவன் நானு. இத்த மாட்டிகினு போனா குப்பத்துல தல காட்ட முடியாது.”

பூநாரை

கல்பாக்கத்திலிருந்து ஆறு பேர், ஒரே ஆபீஸ்காரர்கள். எல்லோருக்கும் பூட்டிக் கை தூக்கினேன். கழிமுகத்தின் நடுவே பூநாரைக் கூட்டத்தைப் பார்த்ததும் அத்தனை பேரும் செல்போனுடன் ஒரே பக்கம் ஓடினார்கள். படகு சாய்ந்தது. இரண்டு பேர் தண்ணீரில் விழுந்தார்கள். தேசிங்கு யோசிக்கவே இல்லை, குதித்துவிட்டான். நிமிர்ந்து திரும்பிய படகின் விளிம்பு அவன் நெற்றியில் மோதியது. சத்தமே இல்லாமல் உள்ளே போனான்.

மீட்புப் படகு போய் அவனைத் தூக்கியபோது உயிர் இல்லை. விழுந்த இருவருக்கும் செல்போன்தான் போனது. தேசிங்கின் ஜாக்கெட் பலகையின் மேல் அப்படியே இருந்தது. அதைப் பார்த்து நான் அழுதேன். அந்த இருவரில் ஒருவர் ஈரம் சொட்ட என் பக்கத்தில் வந்து நின்றார்.

“அவரு குதிச்சிருக்கவே வேண்டாம், மேடம். நாங்க மிதந்துட்டுதான் இருந்தோம்.”

முதல் ஆள்

காரியமெல்லாம் முடிந்து தேசிங்கின் மனைவி கஸ்தூரி வந்தாள், தன் தம்பியோடு. அவள் நேராகப் போய் ஆணியில் தொங்கிய ஒரு ஜாக்கெட்டை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

“நாளைலேர்ந்து இவன்தான் ஓட்டப்போறான். மொதல்ல இவனுக்கு மாட்டு, யக்கா. அப்பால ஜனங்களுக்கு.”

இப்போதெல்லாம் ஓட்டுகிறவனுக்குப் பூட்டிய பிறகுதான் மற்றவர்களைத் தொடுகிறேன், கரையேறுகிறவர்கள் “தேவையே படலையே, இதுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?” என்று ஜாக்கெட்டை என்மேல் வீசிவிட்டுப் போனால், அதுதான் அன்றைக்கு எனக்குக் கிடைத்த பாராட்டு.