மாரி எழுதிய சேதிகள்

நாரணாபுரம் பக்கம் வெடித்த சத்தத்தில் திருத்தங்கலில் இருக்கும் எங்கள் அலுவலகக் கண்ணாடி அதிர்ந்தது. பட்டாசு ஆலைகள் நிறைந்த இந்த ஊர்களில் அப்படிச் சத்தம் கேட்டால் அவரவர் ஆள் எங்கே என்றுதான் முதலில் கேட்போம். நான், அன்று அங்கே ஓர் ஆலைக்குப் போயிருந்த எங்கள் முத்துமாரிக்குப் போன் போட்டேன். பட்டாசு ஆலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, வாசலில் கொடுத்துவிட வேண்டும். அதனால் வாட்ச்மேன்தான் எடுத்தார். "புள்ள போனு இங்கன இருக்கு அண்ணாச்சி. புள்ளயத்தான் காணோம்" என்றார்.

அச்சகங்களுக்கும் ஆலைகளுக்கும் புரோகிராம் எழுதிக் கொடுக்கும் சின்னக் கம்பெனி எங்களுடையது. முத்துமாரி, எங்களுக்கு மாரி, என் பக்கத்து மேசை. அவளோடு வேலை பார்த்தவர்களுக்கு அவள் பழக்கம் தெரியும். புரோகிராம் எங்கேயாவது நின்றுபோனால் நாங்களெல்லாம் தலையைச் சொறிவோம். அவள் படிக்கு ஒரு வரி நுழைத்து, அந்த இடத்துக்கு வந்ததும் திரையில் சேதி காட்டச் செய்வாள். எந்தச் சேதியோடு நிற்கிறதோ, அதற்கு அடுத்த படியில் கோளாறு. சேதியும் அவள் ஊர்ப் பேச்சில்தான் வரும். சோதனை முடிந்ததும் அந்த வரிகளை எடுத்துவிட வேண்டும். ஒரு தடவை மறந்துவிட்டாள். அச்சக முதலாளி ஒருவர் என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, பில்லுல மொத வரியா 'இங்கன வந்துட்டேன்'னு அடிச்சு வருது. யாருப்பா வந்தது?"

நான் மாரியிடம் சத்தம் போட்டேன். "வந்தவுக வந்தேன்னு சொல்லத்தான அண்ணாச்சி செய்வாக" என்றாள். கோபப்பட வந்தவனுக்குச் சிரிப்பு வந்து தொலைத்தது.

இந்தக் கோடையில் அவள் அந்த நாரணாபுரம் ஆலைக்கு எழுதியது ஆபத்தான வேலைக்கான புரோகிராம். பட்டாசுக்குள் வெடிமருந்து செலுத்தும் அறையில் சூடு அளவு தாண்டினால் மணி அடிக்கும். ஆட்கள் வேலையை நிறுத்தி வெளியே வந்து, வாசலில் இருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும்; அழுத்தினால் 'எல்லாரும் வெளிய' என்று திரையில் சேதி வரும். சோதனையில் உச்சி வெயிலிலும் மணி அடிக்கவில்லை. புரோகிராமைத் திரும்பத் திரும்பப் பார்த்தோம், ஒரு தப்பும் கிடைக்கவில்லை. மாரி, அளந்த சூட்டையும் திரையில் காட்டும்படி ஒரு வரி சேர்த்தாள். வெளியே தார் உருகும் நேரத்தில் அது மார்கழிச் சூட்டைக் காட்டியது. போய்ப் பார்த்தால் சுவரில் இருந்த சூடு அளக்கும் கருவிக்கு ஈரத்துணி சுற்றியிருந்தார்கள்.

"நாங்கதான் சுத்துனோம்" என்றார் அந்த அறையில் வேலை பார்க்கும் பொன்னுத்தாய். "எண்ணிக்கைக்குத்தான் கூலி. மணி அடிச்சு வெளிய உக்காந்திருந்தா யாரு குடுப்பா?"

மாரி திட்டவில்லை. அவள் அம்மாவும் அப்படி ஓர் அறையில் உட்கார்ந்துதான் அவளைப் படிக்கவைத்தவர். நேரே ஆலை முதலாளியிடம் போனாள். "நிக்கிற நேரத்துக்கும் கூலி குடுங்க. இல்லன்னா துணியச் சுத்தத்தான் செய்வாக" என்றாள். "நீ புரோகிராம மட்டும் பாரும்மா" என்றார் அவர். திரும்பும்போது என்னிடம், "புரோகிராம்ல தப்பில்ல அண்ணாச்சி. தப்பு இருக்கிற எடத்துல நம்ம வரிய நுழைக்க விடமாட்டேங்காக" என்றாள்.

துணியை எடுத்தார்கள், மணி அடிக்கத் தொடங்கியது. கூலிப் பேச்சு மட்டும் அப்படியே கிடந்தது.

வெடித்த அன்று நடந்ததை ஆலைக் கணக்குப்பிள்ளை சொன்னார். அவர் பக்கத்தில்தான் மாரி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'மணி அடிச்சிட்டேன்' என்று சேதி வந்தது. அடுத்து வரவேண்டிய 'எல்லாரும் வெளிய' வரவில்லை. பொத்தான் கெட்டிருக்கும் என்றிருக்கிறார் கணக்குப்பிள்ளை. "பொத்தான் நல்லாத்தான் இருக்கு. ஆளுக வரல" என்று சொல்லிவிட்டு மாரி ஓடியிருக்கிறாள். தீபாவளி ஆர்டர், கையில் இருப்பதை முடித்துவிட்டு எழலாம் என்று அவர்கள் உள்ளேயே இருந்திருக்கிறார்கள். ஒவ்வொருவராக இழுத்து வெளியே தள்ளியிருக்கிறாள். கடைசி ஆள் பொன்னுத்தாய். அதற்குப் பிறகு மாரி வெளியே வர நேரமில்லை.

மாரி வீட்டுத் துட்டியில் நான் வெட்கமில்லாமல் அழுதேன். ஓரமெல்லாம் கருகிய தலைமுடியோடு பொன்னுத்தாய் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிறாதீக. அந்தப் புள்ள கூலிக்குப் பேசுச்சே, அது என்னாச்சு? இந்த ஆலைக்குச் சீல் வச்சிட்டாக. மொதலாளி தம்பி ஆலைக்கு வரச் சொல்லியிருக்காக."

எனக்கு வந்த ஆத்திரத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை. மறுநாள் அந்தத் தம்பியிடம் போய், மணி வைத்து, நிற்கிற நேரத்துக்கும் கூலி கொடுங்கள் என்று மாரி கேட்டதையே கேட்டேன். "மணி அடிச்சுதான அந்தப் புள்ள உள்ள ஓடுச்சு? நமக்கு மணியே வேணாம்" என்றார்.

மாரியிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இந்தச் சண்டையை. நாளைக்கும் போவேன். பொன்னுத்தாய் இன்று காலை அந்தத் தம்பி ஆலைக்கே வேலைக்குப் போய்விட்டார்.