காலைப் பார்க்கும் டாக்டர்

வேரோடு பிடுங்கிய கோதுமைத் தண்டை உள்ளங்கையில் கிடத்தி, அடியில் ஒட்டிய மண்ணைத் துடைத்து, தண்டைச் சுற்றிய உறையை நகத்தால் உரிக்கிறார் அந்த அம்மாள். உள்ளே கண் வடிவத்தில் பழுப்புப் புள்ளி. “முழிச்சுப் பார்க்குது பாருங்க!” என்று அதையும் ஒரு ஆள்போலவே பேசுகிறார். பூசணம் தண்டின் அடியை அரித்தால், கதிர் கனக்கும் வேளையில் பயிர் சாய்ந்துவிடும். “தலை பச்சையா இருக்குன்னு மயங்காதீங்க. காலைப் பாருங்க” என்பது அவருடைய தாரக மந்திரம்.

விவசாயிகள் சங்கத்தின் பயிர் ஆலோசகர். ஐம்பதைத் தாண்டியவர். எல்லோருக்கும் ‘தண்டு டாக்டர்’. வீட்டில் வெங்காயத்தாளைக்கூடப் பிளந்து பார்த்துவிட்டுத்தான் நறுக்குவார். “நல்லவேளை, என் காலை இன்னும் பிளந்து பார்க்கல” என்பார் கணவர்.

ஒருமுறை ஒரு விவசாயியின் வயலில் வரப்போரத்தில் மட்டும் பிடுங்கிப் பார்த்து, மருந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நடுவயல் படுத்துவிட்டது. யாரும் கேட்பதற்கு முன் தானே போய், “தப்பு என்னோடதுங்க” என்றார். அன்றிலிருந்து நடுவயலுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்து, நூறு தண்டு பார்க்காமல் வாய் திறப்பதில்லை.

இந்தப் பருவத்தில், தண்டில் முதல் கணு விட்ட நேரத்தில், கொழுந்தனாரின் மூன்று வயல்களைப் பார்த்தார். தாழ்ந்த வயலில் நூற்றுக்கு முப்பத்துநாலு தண்டில் புள்ளி. மற்ற இரண்டிலும் ஏழெட்டுத்தான்.

“கீழ வயலுக்கு மட்டும் மருந்து அடி. இன்னிக்கே.”

“அடிக்கிறதே அடிக்கிறோம் அண்ணி, மூணுக்கும் அடிச்சிட்டா நிம்மதி.”

“தலைவலின்னா உடம்பு பூரா தைலம் தேய்ப்பியா?”

கொழுந்தனார் முனகிக்கொண்டே கேட்டுக்கொண்டார். பக்கத்து வயல்காரர், ஓய்வுபெற்ற வாத்தியார், கேட்கவில்லை. அவர் வயலில் பாதித் தண்டுகளில் புள்ளி இருந்தும், “பயிர் கருகருன்னு நிக்குது. சும்மா பயமுறுத்தாதீங்கம்மா” என்று சிரித்தார். கதிர்கள் அங்கங்கே வெளுக்கத் தொடங்கிய பிறகுதான் மருந்துக்கு ஓடினார்.

“இனி அடிச்சுப் பிரயோஜனமில்ல சார். வெள்ளம் வந்தப்புறம் அணை கட்டுற கதை.”

கோபத்தில் வாத்தியார் மருந்தை அடித்தே தீர்த்தார்.

அறுவடைக்குப் பத்து நாள் இருக்கையில் காற்றும் மழையும் ஒருசேர வந்தன. விடிந்ததும் கொழுந்தனாரின் போன்: “அண்ணி! மூணும் நிக்குது!” வாத்தியாரின் வயலோ எருமை புரண்டதுபோல் நாலு திசையிலும் படுத்துக் கிடந்தது.

யாரும் கூப்பிடாமலே அங்கே போனார் டாக்டர். வாத்தியார் கைகளை இறுகக் கட்டிக்கொண்டு வரப்பில் நின்றார்.

“சொல்லுங்கம்மா. சொல்ல வேண்டியதைச் சொல்லிடுங்க.”

டாக்டர் குனிந்து, சாய்ந்த கதிர் ஒன்றை ஒடித்துக் கசக்கினார், உமியை ஊதினார், ஒரு மணியைக் கடித்தார்.

“மணி முத்திடுச்சு சார். ஈரம் காய்ஞ்சதும் இதைத்தான் முதல்ல அறுக்கணும். மெஷினுக்கு நானே சொல்லி வைக்கிறேன். அடுத்த பருவம் இங்க பயறு போடுவோம், பூசணம் பட்டினி கிடக்கட்டும்.”

மிச்ச மணிகளை அவரிடம் நீட்டினார். கட்டிய கைகளை வாத்தியார் பிரிக்கும்வரை, நீட்டிய கையை மடக்காமல் சேற்றில் நின்றுகொண்டிருந்தார்.