பூஜை அலமாரியில் ஒரு போர் விமானம்

சுண்டுவிரல் நகத்தளவே உள்ள ஒரு நாற்காலிக்கு இடுப்பு வார் செய்வதற்காக மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைத்தேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். காலியான மாத்திரை அட்டையின் ஈயத்தாளைக் கீற்றாக வெட்டி, காக்கி வண்ணம் பூசி, அதற்கு மயிரிழை கனத்தில் ஒரு கொக்கியும் வைத்தேன். அது விமானியின் இருக்கை. விமானி கிடையாது. எல்லாம் முடிந்து இருக்கைக்கு மேல் கண்ணாடி மூடியை ஒட்டினேன். பசையின் ஆவி உள்ளே படிந்து மூடி மார்கழி மாதத்துப் பஸ் ஜன்னல் மாதிரி ஆகிவிட்டது. உள்ளே இடுப்பு வார் இருக்கிறது என்பதற்கு இனி என் வாய்ச்சொல்தான் சாட்சி.

எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் வீடு. மகள் வேலைக்காக அயர்லாந்து போனதும் காலியான அறையை மெல்ல மெல்ல ஆக்கிரமித்து, அவளுடைய படிப்பு மேஜையில் உட்கார்ந்து பிளாஸ்டிக் விமானங்களை ஒட்டிக்கொண்டிருக்கிறேன். பெட்டியில் துண்டு துண்டாக வரும். வெட்டி, தேய்த்து, ஒட்டி, வண்ணமடித்தால் உண்மை விமானம் போலவே ஒரு சாண் நீளத்தில் நிற்கும். அந்தப் 'போலவே'யில்தான் மனிதனின் ஆயுள் கழிகிறது. அவளுடைய புத்தகங்கள் இருந்த கண்ணாடி அலமாரி முழுக்க இப்போது விமானங்கள். வீட்டுக்கு வருகிறவர்களிடம் என் மனைவி, "பொண்ணு ரூமு ஏர்போர்ட்டு ஆயிடுச்சுங்க" என்று அறிவிப்பாள். அவர்கள் என்னைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வை எனக்குப் புதிதல்ல. பத்து வயதிலேயே ஒரு தீபத்தன்று மொட்டை மாடியில் அதை மொத்தமாக வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான்.

அப்போது பேகோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு சந்தில் குடியிருந்தோம். சென்னையில் வேலை பார்த்த சித்தப்பா, கார்த்திகை தீபத்துக்கு ஊருக்கு வரும்போது எனக்கு ஒரு பெட்டி கொண்டுவந்தார். ஃபாரின் சாமான் கடையில் வாங்கியதாம். மேலே மேகத்தைக் கிழித்துக்கொண்டு பாயும் ஒரு போர் விமானத்தின் படம். உள்ளே சட்டத்தில் கோத்த சாம்பல் நிறத் துண்டுகள், ஏதோ ஒரு நாட்டு மொழியில் செய்முறைத் தாள், கல்லாகிப்போன ஒரு பசைக் குழாய். கல்லாகிப்போனதற்குச் சித்தப்பா மாற்று வைத்திருந்தார். செருப்பு ஒட்ட வாங்கிய பசை.

"ஒரு சொட்டு போதும்டா. யானையையே ஒட்டும்" என்றார். யானையை ஏன் ஒட்ட வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

விடுமுறை முடிந்ததும் விமானத்தை வகுப்புக்குக் கொண்டுவருவதாக நான் முன்கூட்டியே அறிவித்துவிட்டிருந்தேன். ஒருவரும் நம்பவில்லை, வாத்தியார் உட்பட. ஆகவே அது என் மானப் பிரச்சினை.

தீப நேரத்தில் திருவண்ணாமலையில் வீடு வைத்திருப்பவனுக்குத்தான் தன் சொந்தக்காரர்கள் எத்தனை பேர் என்பது தெரியவரும். கூடத்தில் கால் வைக்க இடமில்லை. என் விமானத்தின் ஒரு சக்கரத்தை யாருடைய கைக்குழந்தையோ வாயில் போட்டுக்கொண்டது. தோண்டி எடுத்தவர் "நல்லவேளை, முழுங்கல" என்று குழந்தைக்காக மகிழ்ந்தார். சக்கரத்தில் பதிந்த பல் தடத்தைப் பற்றி அங்கே யாருக்கும் கவலையில்லை. பெரியப்பா ஒருவர் இறக்கையின் நுனியால் காது குடைந்துகொண்டிருந்தார்.

இத்தனை கூட்டத்திலும் என்னைத் தொந்தரவு செய்யாத ஒரே ஆள், கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்திருந்த அத்தை. அப்பாவுக்கு அக்கா. அவருக்கு அவருடைய கவலை. அவருடைய ஒரே மகன் வளைகுடா வேலைக்காகப் பாஸ்போர்ட்டை ஏஜெண்டிடம் கொடுத்துவிட்டு ஒரு வருடமாக விசாவுக்குக் காத்திருந்தார். மணிலாக்கொட்டை விளைந்த நிலத்தில் ஒரு பகுதி அதற்காகக் கைமாறிவிட்டது என்று பெரியவர்கள் குசுகுசுத்தார்கள். எனக்கு அதெல்லாம் காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை. எனக்கு விமானத்தின் வால் பிரச்சினை.

விமானத்தின் உடம்பு இரண்டு பாதியாக வரும், புளியங்கொட்டையைப் பிளந்த மாதிரி. இரண்டையும் ஒட்டிய பிறகுதான் இறக்கையைச் சேர்க்க வேண்டும். நான் பாதிக்கு ஒன்றாக இறக்கைகளை முதலிலேயே ஒட்டிவிட்டிருந்தேன். அதனால் உடம்பின் முன்பக்கம் சேர்ந்தது, வால் பக்கம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. தீபத்தன்று சாயங்காலம் எல்லோரும் மாடிக்குப் போன பிறகு, ஆளில்லாத கூடத்தில் உட்கார்ந்து அந்தப் பிளவில் பசையை விட்டேன். ஒரு சொட்டு போதும் என்பதை மறந்து தாராளமாகவே விட்டேன். விட்டுவிட்டு இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே வாலை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன். பசை பிதுங்கியது. யானையையே ஒட்டும் பசை.

"டேய்! இன்னும் அங்க என்னடா பண்ற? மலையில ஏத்தப் போறாங்க!" என்று மேலிருந்து அப்பாவின் குரல்.

கையை எடுக்கப் பார்த்தேன். வரவில்லை. மறுபடி பார்த்தேன். தோல் வந்தது, கை வரவில்லை. இன்னொரு முறை அப்பா கூப்பிட்டால் அவரே இறங்கி வருவார் என்பதால், இருந்த கோலத்தில் படியேறினேன்.

அந்தக் கோலத்தைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். இரண்டு கைகளும் கும்பிட்டபடி ஒட்டியிருக்கின்றன. நடுவே வால். விரல் நுனிகளுக்கு மேலே விரிந்த இறக்கைகள். அதற்கும் மேலே வானத்தைப் பார்த்து நிமிர்ந்த விமானத்தின் மூக்கு. நான் மாடியில் கால் வைக்கவும் மலை உச்சியில் ஜுவாலை எழவும் சரியாக இருந்தது. ஊரே ஒரே குரலாக "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்றது. எல்லார் கைகளும் தலைக்கு மேல் போயின.

"கையத் தூக்குடா!" என்று அப்பா முதுகில் ஒன்று வைத்தார். தூக்கினேன்.

அத்தை திரும்பிப் பார்த்தார். என்னை, என் கைகளை, கைகளிலிருந்து மலையை நோக்கிக் கிளம்பிக்கொண்டிருந்த விமானத்தை. அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார்.

"தம்பீ, பாருடா இத! கொழந்த ஏரோப்ளேனத் தூக்கி அவருகிட்ட காட்டுதுடா! நான் மனசுக்குள்ள கேட்டுக்கினு நிக்கிறேன், இது எடுத்துக்கினு வந்து காட்டுது!"

"அத்தே, இல்ல அத்தே, ஒட்டிக்கிச்சு. கை வரல."

"வராதுடா கண்ணு. அவரு புடிச்சா அப்படி விட்ருவாரா?"

சுற்றி நின்றவர்கள் என்னைப் பார்த்த பார்வையில் பக்தி பாதி, சந்தேகம் பாதி. பக்கத்து மாடியிலிருந்து ஒரு மாமி எனக்கே ஒரு கும்பிடு போட்டார். பசை என்று நான் கத்திக் கத்திச் சொன்னதை யாரும் சட்டை செய்யவில்லை. பசையை வாங்கிக்கொடுத்த சித்தப்பாகூட ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அம்மாதான் கீழே அழைத்துப் போய் வெந்நீரிலும் நல்லெண்ணெயிலும் ஊற வைத்துக் கைகளைப் பிரித்தாள். வாலில் என் கைரேகை, உள்ளங்கைத் தோலோடு நிரந்தரமாகப் பதிந்துவிட்டது. எரிச்சலில் நான் ஊதிக்கொண்டிருக்கும்போதே கூடத்தில் தீர்ப்பு வழங்கப்பட்டது. சாமிக்குக் காட்டியது சாமிக்கு. பையன் விளையாட எடுக்கக்கூடாது.

"உண்டியல்ல போட்றலாமா?" என்றார் அப்பா. எந்தச் சண்டையிலும் ஜெயிக்கிற பக்கத்தைப் பார்த்து நடுநிலை வகிப்பவர் அவர்.

"உண்டியல் வாய்க்குள்ள போவாதே" என்று யோசித்த சித்தப்பா, "ரெக்கைய ஒடிச்சிட்டா போவும்" என்றார். அவர்தான் வாங்கித் தந்தவர் என்பதை மறுபடியும் சொல்லிக்கொள்கிறேன்.

என் அலறலைக் கேட்டு அம்மா நடுவில் புகுந்து, "நம்ம வீட்டு பூஜை அலமாரியிலயே இருக்கட்டும் அண்ணி. எங்க இருந்தாலும் அவருதுதானே?" என்று முடித்து வைத்தாள்.

"சக்கரமே இன்னும் ஒட்டல அத்தே. பெயிண்ட் அடிக்கல. ஸ்டிக்கர்லாம் ஒட்டணும்" என்று கெஞ்சினேன்.

"சக்கரம் எதுக்குடா? அவரு பறக்க வைப்பாரு" என்றார் அத்தை.

அதோடு என் மானமும் போயிற்று. வகுப்பில், விமானம் பூஜையில் இருக்கிறது என்று நான் சொன்ன உண்மைக்கு வாத்தியார் கொடுத்த பதிலை இங்கே எழுத முடியாது.

இதாவது பரவாயில்லை. பொங்கலுக்கு முன்னால் அத்தை மகனுக்கு விசா வந்துவிட்டது, ஆளும் விமானம் ஏறிப் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த விமானத்தை மீட்க ராணுவமே வந்தாலும் முடிந்திருக்காது. வெள்ளிக்கிழமைதோறும் அதன் மூக்குக்குச் சந்தனம், குங்குமம். முன்னாலிருந்த காற்றாடியில் ஒரு கிள்ளு மல்லிகை. சாம்பிராணிப் புகையில் சாம்பல் நிறம் பழுப்பாகி, வயிற்றுப் பக்கம் கரி படிந்து, ஊரெல்லாம் குண்டு போட்டுவிட்டு வந்த விமானம் மாதிரி ஆகிவிட்டது. அந்த மாதிரி ஒரு புகைக் கறையை வரவழைக்க இன்று நான் விலையுயர்ந்த தூளையும் தூரிகையையும் வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் மல்லுக்கட்டுகிறேன். வரமாட்டேன் என்கிறது.

விளையாடத்தான் கூடாது, பார்க்கலாம் அல்லவா? பார்ப்பதற்காகவே அதை முருகன் படத்துக்கும் குத்துவிளக்குக்கும் நடுவே, மூக்கு கூடத்தைப் பார்க்கும்படி, கொஞ்சம் சாய்வாக வைத்திருந்தேன். அப்படி வைத்தால்தான் விமானம் விமானமாகத் தெரியும். ஒரு வருடம் போனது, இரண்டு வருடம் போனது. அத்தை பௌர்ணமிதோறும் கிரிவலம் வந்து, வீங்கிய காலோடு எங்கள் வீட்டில் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார். ஒரு கட்டத்தில், அவர் வந்துபோன மறுநாளெல்லாம் விமானம் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பதைக் கவனித்தேன். நான் நேராக்குவேன். அடுத்த பௌர்ணமிக்கு மறுபடி வால்தான் எனக்குத் தரிசனம் தரும். விமானத்தையும் பிடுங்கிக்கொண்டு, அதில் முன் எது பின் எது என்றும் தெரியாத ஒரு மனுஷியிடம் எத்தனை மாதம்தான் பொறுத்துக்கொள்வது?

ஒருநாள் கையும் களவுமாகப் பிடித்தேன்.

"அத்தே, ஏன் அதத் திருப்புறீங்க? மூக்கு வெளியப் பாத்துதான் இருக்கணும்."

"போறப்போ அப்படித்தான் இருக்கணும் கண்ணு."

"எப்பவுமே அப்படித்தான் அத்தே. பிளேனுக்கு ரிவர்ஸே கிடையாது, தெரியுமா? பின்னாடியால பறக்காது." காற்றாடி எப்படிக் காற்றை இழுக்கிறது, இறக்கை எப்படித் தூக்குகிறது என்று எனக்குத் தெரிந்த விமான சாஸ்திரம் முழுவதையும் அவருக்கு எடுத்துச் சொன்னேன். கால் விரல்களை நீவிவிட்டுக்கொண்டே கடைசி வரை கேட்டார்.

"அப்படியா கண்ணு?" என்றார். எழுந்து போனார். அலமாரிக்கு முன்னால் நின்று, மூக்கு நன்றாக உள்பக்கம் பார்க்கும்படி இன்னும் கொஞ்சம் திருப்பி வைத்தார். "அந்தக் கம்பெனியில இவனுக்கு ஊருக்கு வர லீவே தர மாட்டேங்கறானாம்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

விமான சாஸ்திரம் அவருக்கு ஏறவில்லை என்று முடிவு செய்து, அவர் சந்து முனை தாண்டியதும் நான் விமானத்தை நேராக்கி வைத்தேன். அந்த வயதில் எனக்குப் புரிந்தது அவ்வளவுதான். மீதி புரிய இன்னும் நிறைய வருடங்கள் இருந்தன.

இந்த வருடத் தீபத்துக்கு வருவதாகச் சொல்லியிருந்த மகள் போன வாரம் போன் செய்தாள். டிக்கெட் விலை தாறுமாறாக ஏறிக் கிடக்கிறதாம், அடுத்த வருடம் பார்க்கலாமாம். சரிம்மா என்று வைத்துவிட்டேன். பிறகு அவளுடைய அறைக்குப் போனேன். அலமாரியில் அத்தனை விமானங்களும் வாசலைப் பார்த்து, கொஞ்சம் சாய்வாக, கிளம்பத் தயாராக நின்றன. கண்ணாடிக் கதவைத் திறந்தேன். ஒவ்வொன்றாக எடுத்து, ஆன்டெனா கம்பிகள் ஒடியாமல், மூக்கு உள்பக்கம் பார்க்கும்படி திருப்பி வைத்தேன்.

காபியோடு வந்த மனைவி, வரிசையாக நின்ற வால்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். டம்ளரை மேஜையில் வைத்தாள்.

"ஏங்க, இதுங்களத் திருப்பி வெச்சா டிக்கெட்டு வெல கம்மி ஆயிடுமா?"